செயலி எழுதி வைத்ததெல்லாம் சட்டம் ஆகாது

சென்ற வியாழக்கிழமை மாலை, என் வக்கீல் அலுவலகத்தைப் பூட்டும் நேரத்தில் ஒரு தையல்கார அம்மா வந்தார். மோட்டார் வைத்த தையல் மெஷின் ஒன்றை 16,400 ரூபாய் கொடுத்து ஒரு செயலியில் வாங்கியிருக்கிறார். பெட்டியைப் பிரித்த அன்றே பத்துத் தையலுக்கு ஒன்று விட்டுப்போயிருக்கிறது. அடியில் நூல் கொத்துக் கொத்தாகச் சிக்கியிருக்கிறது. அந்த மெஷினில் ஓட்டிய ஒரு முழத் துணியை மடித்துப் பையில் வைத்திருந்தார். மேசைமேல் விரித்தார். தையல் விட்ட இடத்திலெல்லாம் துணி வெட்டும் சாக்கட்டியால் குறி போட்டிருந்தார். எண்ணினேன், இருபத்து மூன்று குறிகள்.

மகனுடைய கைப்பேசியில் சாட் முழுவதும் இருந்தது. இரண்டாம் நாளே புகார் செய்திருக்கிறார். ‘எங்கள் டெக்னீஷியன் நான்காம் நாள் வருவார்’ என்று பதில். வரவில்லை. ஆறாம் நாள் வருவார் என்றார்கள். அன்றும் வரவில்லை. எட்டாம் நாள் காலையில் வந்தது ஒரு குறுஞ்செய்தி மட்டும்: ‘ரிட்டர்ன் காலம் முடிந்துவிட்டதால் உங்கள் கோரிக்கையை ஏற்க இயலாது.’ அதோடு அவர் விட்டுவிட்டார். பதினொரு மாதம் கழித்து, வேறு யாரோ சொல்லி என்னிடம் வந்திருக்கிறார். ஏன் இவ்வளவு நாள் பேசாமல் இருந்தீர்கள் என்று கேட்டேன். “ஏழு நாள் என்றுதான் அவர்கள் விதியில் போட்டிருக்கிறது சார். நானும் சம்மதம் என்று அழுத்திவிட்டேனே” என்றார்.

இந்த மாதத்தில் மட்டும் இதே வாக்கியத்தை என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து சொன்ன ஐந்தாவது ஆள் அவர். முதல் நான்கு பேரில் ஒருவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், ஒருவர் வங்கி ஊழியர். படிப்புக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. நிறுவனம் தன் செயலியில் எழுதி வைத்த கொள்கைதான் நாட்டின் சட்டம் என்று எல்லோரும் நம்பிவிட்டார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ரிட்டர்ன் கொள்கை என்பது என்ன? சட்டம் கேட்காமலேயே கடைக்காரர் கொடுக்கும் சலுகை. சட்டை பிடிக்கவில்லை, நிறம் வேறு வேண்டும், மனம் மாறிவிட்டது என்றால் திருப்பிக் கொடுக்கலாம் என்பது அவருடைய தாராளம். அந்தத் தாராளத்துக்கு அவர் ஏழு நாள் வைக்கலாம், மூன்று நாள் வைக்கலாம், நாளையே எடுத்தும் விடலாம். முன்பு ‘பணம் திரும்பக் கிடைக்கும்’ என்று இருந்த பல பொருள்களுக்கு இப்போது ‘மாற்றுப் பொருள் மட்டும்’ என்றோ ‘சர்வீஸ் சென்டரைத் தொடர்புகொள்ளவும்’ என்றோ மாற்றிவிட்டார்கள். மனம் மாறியதற்காகப் பொருளைத் திருப்பும் பொதுவான உரிமை நம் நாட்டுச் சட்டத்தில் கிடையாது. கல்யாணத்துக்குப் புடவையைக் கட்டிவிட்டுத் திருப்பி அனுப்பப் பார்த்தேன், மறுக்கிறார்கள் என்று தயவுசெய்து என்னிடம் வராதீர்கள்.

பழுதான பொருளின் கதை வேறு. அங்கே சலுகை என்ற பேச்சுக்கே இடமில்லை. நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிகம்) விதிகள் 2020 ஜூலையில் வந்தன. அவற்றின் 6-வது விதி சொல்வது இது: பொருள் பழுதாக இருந்தாலோ, போலியாக இருந்தாலோ, விளம்பரத்தில் சொன்ன தன்மை அதில் இல்லாவிட்டாலோ, சொன்ன தேதிக்குப் பிறகு தாமதமாக வந்தாலோ அதைத் திரும்ப எடுக்கவோ பணத்தைத் திருப்பித் தரவோ விற்பவர் மறுக்கக் கூடாது. இயற்கைச் சீற்றம் போன்ற கைமீறிய காரணத்தால் வந்த தாமதத்துக்கு மட்டும் விலக்கு உண்டு. ‘எங்கள் கொள்கைக்கு உட்பட்டு’ என்ற சொற்கள் அங்கே இல்லை.

2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலும் இது உண்டு. பில்லில் குறித்த காலத்துக்குள், எதுவும் குறிக்காவிட்டால் 30 நாளுக்குள், பழுதான பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பது நேர்மையற்ற வணிக நடைமுறை. எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து “பில்லில் ஏழு நாள் என்று குறித்திருக்கிறோமே” என்பார். சொல்லட்டும். அந்த அம்மா இரண்டாம் நாளே புகார் செய்துவிட்டார். மிச்ச நாள்களை வருகிறேன், வருகிறேன் என்று தின்று தீர்த்தது நிறுவனம். தவிர, பொருளில் குறைபாடு என்று நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் முறையிடச் சட்டம் தரும் காலம் இரண்டு ஆண்டு. ஏழு நாளையும் இரண்டு ஆண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் இத்தனை பேர் வாய்மூடி இருந்துவிடுகிறார்கள். பதினொரு மாதம் ஆனாலும் அந்த அம்மாவின் வழக்கு உயிரோடுதான் இருக்கிறது.

சரி, டிக் அழுத்தியது? நீங்கள் அழுத்தியது ஒப்பந்தத்துக்கு. சட்டம் உங்களுக்குத் தந்த உரிமையை ஒரு கட்டத்தில் டிக் வாங்கி யாரும் பறித்துவிட முடியாது. முன்கூட்டியே டிக் போட்டு வைத்த கட்டத்தைச் சம்மதமாகக் கணக்கில் எடுக்கக் கூடாது என்று அதே மின்வணிக விதிகள் சொல்கின்றன. ‘வழக்கு என்றால் பெங்களூரு நீதிமன்றத்தில் மட்டும்’ என்று எழுதியிருப்பதைப் பார்த்துப் பயந்தவர்களும் வருகிறார்கள். நீங்கள் எங்கே குடியிருக்கிறீர்களோ, எங்கே வேலை பார்க்கிறீர்களோ அந்த ஊருக்கு உரிய ஆணையத்திலேயே முறையிடலாம் என்று சட்டத்தின் 34-வது பிரிவு சொல்கிறது. மதுரையில் இருப்பவர் மதுரையில் போடலாம். பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணமும் இல்லை. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை, நீங்களே வாதாடலாம். வக்கீலாகிய நானே சொல்கிறேன்.

இனி விலை. ‘70 சதவீதத் தள்ளுபடி’ என்றவுடன் கை துறுதுறுக்கிறது. எதிலிருந்து 70? அதிகபட்ச சில்லறை விலையிலிருந்து. அந்த விலைக்கு அந்தப் பொருளை யாராவது எங்கேயாவது விற்றதுண்டா என்று பாருங்கள். அடித்துக் காட்டிய விலையைப் பார்க்காமல், கடைசித் திரையில் நீங்கள் கட்டும் தொகையை மட்டும் தெருமுனைக் கடை விலையோடு ஒப்பிடுங்கள். நடுவில் எத்தனை கட்டணம் ஏறியிருக்கிறது என்பது அப்போதுதான் தெரியும்: பிளாட்ஃபார்ம் கட்டணம், கையாளும் கட்டணம், பாதுகாப்புப் பேக்கிங், மழைக் கட்டணம். முதலில் ஒரு விலையைக் காட்டிக் கடைசியில் ஒவ்வொன்றாகச் சேர்ப்பதை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட வழிகாட்டுதல்களில் ஏமாற்று வடிவமைப்பு என்று வகைப்படுத்தியிருக்கிறது. அப்படி 13 வகைகளைப் பெயர் சொல்லியே தடுத்திருக்கிறார்கள். நீங்கள் கேட்காத காப்பீட்டையோ நன்கொடையையோ கூடையில் நைசாகப் போடுவது, ‘இன்னும் இரண்டே பொருள்கள் மிச்சம்’ என்று பொய்யாக அவசரப்படுத்துவது, சேர ஒரு பொத்தான் வைத்துவிட்டு விலக ஒன்பது திரை வைப்பது, எல்லாம் அதில் உண்டு. கேஷ் ஆன் டெலிவரிக்குத் தனிக் கட்டணம் வாங்குவது குறித்த புகார்களை விசாரிப்பதாக 2025 அக்டோபரில் மத்திய நுகர்வோர் விவகார அமைச்சரே அறிவித்தார். ஆக, இதெல்லாம் வியாபாரத்தில் சகஜம் என்று தோளைக் குலுக்கிவிட்டுப் போகாதீர்கள். படம் பிடித்து 1915-க்குச் சொல்லுங்கள். அது தேசிய நுகர்வோர் உதவி எண்.

நோ காஸ்ட் இஎம்ஐ என்ற பெயரில் வட்டியே இல்லை என்று நம்பாதீர்கள். பூஜ்ய வட்டித் திட்டங்களை நிறுத்தும்படி ரிசர்வ் வங்கி 2013-லேயே வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. இப்போது நடப்பது, வட்டிக்குச் சமமான தொகையை முதலில் தள்ளுபடியாகக் கழித்துவிட்டு, வங்கி வழக்கம்போல வட்டி போடுவது. கிரெடிட் கார்டு என்றால் அந்த வட்டிமேல் 18 சதவீத ஜிஎஸ்டி உங்கள் தலையில்தான். வட்டி 1,500 ரூபாய் என்றால் வரி 270. அதன்மேல் வங்கியின் செயலாக்கக் கட்டணம், அதற்கும் வரி. கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

பணம் திரும்பும் விஷயத்தில் ஒரு பொத்தானைக் கவனியுங்கள். ‘உடனே வாலெட்டில்’ என்று பெரிதாகவும் ‘வங்கிக் கணக்குக்கு, 5 முதல் 7 நாள்’ என்று சின்னதாகவும் இரண்டு இருக்கும். அவசரத்தில் பெரியதை அழுத்தினால் பணம் அந்தச் செயலிக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். அங்கேயே வேறு ஏதாவது வாங்கித்தான் தீர்க்க வேண்டும். எந்த வழியில் கட்டினீர்களோ அந்த வழியிலேயே பணம் திரும்ப வேண்டும், நீங்களாகச் சம்மதித்தால் மட்டுமே வேறு வழி என்று நம்மிடம் பணம் வாங்கிக் கடைக்குச் சேர்க்கும் இடைநிலை நிறுவனங்களான பேமெண்ட் அக்ரிகேட்டர்களுக்கு 2020-லேயே ரிசர்வ் வங்கி விதி செய்திருக்கிறது. சின்னப் பொத்தானை அழுத்துங்கள்.

யுபிஐ-யில் பணம் போய்விட்டது, ஆர்டர் மட்டும் விழவில்லை என்றால் பதற்றம் வேண்டாம். கடைக்கான கட்டணம் இப்படித் தடைப்பட்டால் ஐந்து நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. இது 2019 செப்டம்பரில் வந்த ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கை. வங்கிக்கு எழுதும்போது இதைக் குறிப்பிட்டுக் கேளுங்கள். ஆனால் அந்த ஐந்து நாள் பொறுக்க முடியாமல் இணையத்தில் ‘கஸ்டமர் கேர் நம்பர்’ என்று தேடி, முதலில் கண்ணில் பட்ட எண்ணுக்குப் பேசி, அவன் சொன்னபடி செயலி ஒன்றை இறக்கி, கணக்கில் இருந்த மிச்சத்தையும் கொடுத்துவிட்டு வருகிறார்களே, அவர்களை என்ன சொல்வது? அந்த எண்களில் பல மோசடிக்காரர்கள் போட்டு வைத்தவை. செயலிக்குள் இருக்கும் உதவிப் பக்கத்தைத் தவிர வேறெங்கும் போகாதீர்கள். ஏமாந்துவிட்டால் அந்த நிமிடமே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள். மறுநாள் காலை என்று தள்ளாதீர்கள்.

சந்தா விஷயம் ஒன்று. ‘முதல் மாதம் இலவசம்’ என்று சேரும்போது நீங்கள் தருவது தானியங்கிப் பிடித்தத்துக்கு அனுமதி. 15,000 ரூபாய் வரை ஒவ்வொரு முறையும் ஓடிபி கேட்காமலேயே எடுக்கலாம். ஆனால் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்னால் செய்தி வந்தாக வேண்டும். அந்தச் செய்தியைப் படிக்காமல் தள்ளிவிடுவதுதான் எல்லோருக்கும் வழக்கமாகிவிட்டது. யுபிஐ செயலியில் ஆட்டோபே பகுதியை இன்றைக்கே ஒருமுறை திறந்து பாருங்கள்.

ஆதாரங்களைப் பற்றி எனக்கு ஆற்றாமையே உண்டு. ஆர்டர் போட்ட அன்று பொருளின் பக்கத்தையும் ரிட்டர்ன் கொள்கையையும் படம் எடுத்து வையுங்கள், தேதி தெரியும்படி. அந்தப் பக்கம் பிறகு மாறிவிடும். அப்போது என்ன எழுதியிருந்தது என்பதற்கு உங்களிடம் இருப்பது அந்தப் படம்தான். பில்லை இறக்கிக்கொள்ளுங்கள். விற்பவர் பெயரும் முகவரியும் அதில் இருக்கும். ‘நாங்கள் வெறும் தளம், விற்றவர் வேறு’ என்று எல்லாத் தளமும் சொல்லும். அதனால் இருவரையும் எதிர்மனுதாரராகச் சேர்க்க வேண்டும். விற்றவர் யார் என்றே தெரியாமல் வந்தால் நான் நோட்டீஸை எந்த விலாசத்துக்கு அனுப்புவது? பெட்டியைப் பிரிக்கும்போது ஒட்டிய சீட்டு தெரிய வீடியோ எடுங்கள். பெட்டியை உடனே பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடாதீர்கள். விலை, தயாரித்த மாதம், இறக்குமதி செய்தவர் முகவரி எல்லாம் அந்த அட்டையில்தான் இருக்கின்றன. தையல்கார அம்மா பெட்டியை எடைக்குப் போட்டுவிட்டார்.

திறந்து காட்டித் தரும் டெலிவரி என்றால், பொருளைப் பார்த்து முடிக்கும் வரை ஓடிபி சொல்லாதீர்கள். சொன்னால் நல்ல நிலையில் பெற்றுக்கொண்டீர்கள் என்று பதிவாகும். வாசலில் நிற்கும் தம்பிக்கு அவசரம் இருக்கும்; வெயிலில் இன்னும் நாற்பது வீடு போக வேண்டியவர். அவரிடம் கோபப்பட வேண்டாம். ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்துவிட்டு, “ஐந்து நிமிடம் தம்பி, பார்த்துவிட்டுச் சொல்கிறேன்” என்று கேளுங்கள்.

புகாரைச் சாட்டோடு நிறுத்தாமல், அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு மின்னஞ்சலாக அனுப்புங்கள். அவர் பெயரும் தொடர்பும் தளத்திலேயே இருக்க வேண்டும். 48 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதாகச் சொல்லவும் ஒரு மாதத்தில் தீர்க்கவும் அவர் கடமைப்பட்டவர். தீராவிட்டால் 1915. அங்கேயும் தீராவிட்டால் நுகர்வோர் ஆணையங்களுக்கான இ-ஜாக்ரிதி இணையதளத்தில் வீட்டிலிருந்தே முறையீட்டைப் பதியலாம். மூன்று மாதத்தில், பரிசோதனை தேவைப்பட்டால் ஐந்து மாதத்தில், முடிக்கச் சட்டம் சொல்கிறது. நடைமுறையில் அதற்கு மேலும் ஆகிறது; அதை மறைத்து உங்களுக்கு நம்பிக்கை சொல்ல மாட்டேன். மெஷின் விலையை வட்டியோடு திருப்பித் தரவும் இழப்பீடு தரவும் உத்தரவிட ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு.

திங்கட்கிழமை அந்த அம்மாவின் முறையீட்டைப் பதிந்துவிட்டோம். சாட்டின் படங்கள், பில், மின்னணு ஆவணங்களுக்கு உரிய சான்றிதழ், அந்த ஒரு முழத் துணி. துணியை எப்படி ஆவணமாகச் சேர்ப்பது என்று என் ஜூனியர் கேட்டார். உறையில் போட்டு, முத்திரை வைத்து, பட்டியலில் ஏழாவது எண்ணாகக் குறிக்கச் சொன்னேன்.