கூட்டம் எங்கே மறைந்தது?

"1850களில் எடுத்த எகிப்துப் படங்களில் கோயிலும் மணலுமாகவே இருக்கிறது. ஊர் மக்கள் எங்கே?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். பாதி விடை வேதியியலில் இருக்கிறது.

எகிப்தின் சித்திர எழுத்துகளைப் படியெடுக்க ஓவியர் பட்டாளமே பல்லாண்டு உழைக்க வேண்டும், புதிதாக வந்த புகைப்படக் கருவி இருந்தால் ஒரே ஆள் போதும் என்று 1839இல் பிரெஞ்சு நாடாளுமன்றத்தில் வாதிட்டார் விஞ்ஞானி அராகோ. பத்தாண்டு கழித்து, அரசுப் பணியாக நைல் நதிக்கு வந்த பிரெஞ்சு எழுத்தாளர் மாக்சிம் து கான், தாள் நெகட்டிவ் முறையில் படமெடுத்தார்.

அந்தத் தாளில் வெள்ளி அயோடைடு பூசியிருக்கும். ஒளி பட்ட இடத்தில் ஒருசில வெள்ளி அணுக்கள் மட்டும் திரளும். கண்ணுக்கு எதுவும் தெரியாது. பிறகு காலிக் அமிலக் கரைசல் பட்டதும், அந்தத் துளித் திரள்களின் மேல் மேலும் மேலும் வெள்ளி படிந்து கறுக்கும். எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுக்காத இடம் இது. தாளின் ஒவ்வொரு புள்ளியும் ஓர் உண்டியல். எகிப்து வெயிலிலும் அதைச் சுமார் இரண்டு நிமிடம் திறந்து வைக்க வேண்டியிருந்தது. பின்னாலிருக்கும் சுவர் 120 நொடியும் காசு போடுகிறது. குடத்தோடு குறுக்கே போகும் பெண் ஒரு புள்ளியைக் கடக்க ஒரு நொடி போதும். அவள் பங்கு நூற்றிருபதில் ஒன்று. சுவர்தான் பதியும், அவள் பதிய மாட்டாள். அன்று லக்சர் கோயிலுக்குள்ளேயே வீடுகள் இருந்தன. வீடுகள் படத்தில் விழுந்தன. நடமாடிய வீட்டுக்காரர்கள் விழவில்லை.

ஆனால் எகிப்தின் தென்கோடியிலுள்ள அபு சிம்பெல் கோயிலில், மணலில் பாதி புதைந்த சிலையின் உச்சியில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார், துல்லியமாக. படகோட்டி ஹாஜி இஸ்மாயில். சிலையின் உயரம் விளங்குவதற்காக அளவுகோலாக வைக்கப்பட்டவர். லென்ஸின் பித்தளைக் குழாய் ஒரு பீரங்கி, அசைந்தால் சுட்டுவிடும் என்று அவரை மிரட்டி உட்கார வைத்ததாக து கானே எழுதியிருக்கிறார்.

இந்த மிரட்டலுக்கு வேதியியலைச் சாக்குச் சொல்ல முடியாது. ஆளற்ற கோயில்களைப் பாரிஸில் பார்த்தவர்களுக்கு, இவற்றுக்கு உரிமையாளர் யாருமில்லை என்று நினைப்பது எளிதாக இருந்தது. பெயர் தெரிந்த இந்த ஒருவரையாவது படக்குறிப்பில் "உள்ளூர்க்காரர்" என்று போடாமல் ஹாஜி இஸ்மாயில் என்றே அச்சிட வேண்டும். அந்த இரண்டு நிமிடமும் பீரங்கியைப் பார்த்துக்கொண்டு மூச்சடக்கி இருந்தவர் அவர்.