முழங்காலுக்கு லாடம்

பெரியம்மாவுக்கு வலது முழங்காலில் ஒபரேசன் என்று முடிவானதும் கோப்பாய் வீடு கலங்கிப்போனது. "மூட்டைக் கழட்டிப்போட்டு இரும்பு பூட்டுவினமாம்" என்று பக்கத்து வீட்டு மாமி சொல்லிவிட்டுப் போக, பெரியம்மா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூட்டு மாற்றுச் சத்திரசிகிச்சை என்ற பெயரிலேயே பாதிப் பயம் இருக்கிறது. சைக்கிள் சில்லைக் கழற்றி வேறு சில்லுப் போடுவது மாதிரித்தான் கேட்கிறவருக்குத் தோன்றும். நடப்பதோ மாட்டுக்கு லாடம் அடிக்கிற வேலை. குளம்பு இருந்தபடியே இருக்கும், நிலத்தில் தேய்கிற பக்கத்துக்கு மட்டும் ஒரு உலோகம்.

தேய்வது எது? தொடை என்பின் அடிமுனையையும் அதற்குக் கீழுள்ள என்பின் மேல்முனையையும் மூடி, சில மில்லிமீற்றர் தடிப்பில், வழுவழுப்பாக ஒரு படை இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் கசியிழையம் என்று படித்தோம், வீட்டில் சவ்வு என்கிறோம். அதற்குள் இரத்தக்குழாய் இல்லை, ஆகவே கிழிந்தால் தோல்போல ஆறி வளராது. நரம்பும் இல்லை, ஆகவே தேயும்போது அது நோகாது. முழங்கால் நோகத் தொடங்கும்போது முறையிடுவது அடியில் இருக்கும் என்பும், மூட்டைச் சுற்றியுள்ள உறையும்தான். எக்ஸ்ரேயிலும் சவ்வு தெரியாது. இரண்டு என்புக்கும் நடுவில் ஒரு கறுப்பு இடைவெளி தெரியும், அவ்வளவுதான். பெரியம்மாவின் படத்தில் உட்பக்கம் அந்த இடைவெளியே இல்லை, என்போடு என்பு முட்டிக்கொண்டு நின்றது. கால் வெளிப்பக்கமாக வில்போல வளைந்ததும் அதனால்தான்.

சாதாரணமாக நடக்கும்போதே உடல் எடையின் இரண்டு, மூன்று மடங்கு பாரம் முழங்காலில் இறங்குகிறது. படி ஏறினால் இன்னும் கூட. குந்தி எழும்புவதைச் சொல்லவே வேண்டாம். பெரியம்மாவோ ஐம்பது வருடம் திருவலையில் குந்தித் தேங்காய் திருவியவர். எடையில் ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வொரு அடிக்கும் முழங்காலில் விழும் பாரம் ஏறத்தாழ 4 கிலோ குறையும். அதனால்தான் கிளினிக்கில் முதலில் எடையைக் குறைக்கவும் தொடைத் தசையைப் பலப்படுத்தவும் சொல்கிறார்கள். நோ மாத்திரையும் ஊசியும் கொஞ்ச நாளைக்குத் தாங்கும், ஆனால் மாத்திரையை வருடக்கணக்கில் விழுங்கினால் வயிறும் சிறுநீரகமும் அடிவாங்கும். இவ்வளவும் செய்து பார்த்த பிறகும் இரவில் நோவால் நித்திரை இல்லை, சந்திக் கடைவரைக்கும் நடக்க முடியவில்லை என்றால்தான் கத்தி. எக்ஸ்ரே எவ்வளவு மோசமாக இருந்தாலும் ஆள் சிரித்துக்கொண்டு நடந்து வந்தால் ஒபரேசன் தேவையில்லை.

தேய்வு ஒரு பக்கத்தில் மட்டும் என்றால் அந்தப் பக்கத்துக்கு மட்டும் செய்வதும் உண்டு. வெட்டுச் சிறியது, தேறுவதும் கெதி, ஆனால் பிறகு மறுபடி திறக்க வேண்டிவரும் வாய்ப்புக் கூட. பெரியம்மாவுக்கு முழுதாகவே செய்தார்கள்.

நாரியில் விறைப்பு ஊசி போட்டால் இடுப்புக்குக் கீழே ஒன்றும் தெரியாது. மூட்டைத் திறந்து, அளவுச் சட்டம் வைத்து, என்பு முனைகளில் ஒரு சென்ரிமீற்றருக்கும் சற்றுக் குறைவான தடிப்புச் சீவி எடுக்கிறார்கள். தொடை என்பின் முனைக்குக் கோபாற்று, குரோமியம் கலந்த உலோகக் கவசம், கீழ் என்பின் தலையில் பெரும்பாலும் தைத்தேனியத்தால் ஆன தட்டு. மாமி சொன்ன இரும்பு இதுதான். இரண்டுக்கும் நடுவில் வெள்ளையாக ஒரு பிளாஸ்ரிக் துண்டு. வைத்தியர் மேசையில் இருந்த மாதிரி முழங்காலில் அந்தத் துண்டைக் கழற்றிக் கையில் தந்தார். சவர்க்காரக் கட்டிபோல வழுக்கியது. அது பொலித்தீன். கடைப் பையின் சொந்தக்காரன்தான், ஆனால் மூலக்கூற்றுச் சங்கிலிகள் மிக மிக நீளமானவை, இலேசில் தேயாது.

அந்தத் துண்டுக்கு ஒரு கதை இருக்கிறது. இங்கிலாந்தில் ஜோன் சார்ன்லி என்ற சத்திரசிகிச்சை நிபுணர் 1950களின் கடைசியில் இடுப்பு மூட்டுக்கு டெஃப்லோன் வைத்துப் பார்த்தார். சட்டியில் ஒட்டாத அதே டெஃப்லோன். சில வருடங்களிலேயே அது தேய்ந்து தூளாகி, சுற்றியிருந்த திசுவைப் பழுதாக்கியது. அந்தத் தூள் உடம்பை என்ன செய்கிறது என்று பார்க்கத் தன் தொடையிலேயே ஏற்றிக்கொண்டாராம் மனிதர். கடைசியில் 1962இல் கைகொடுத்தது, நெசவு இயந்திரப் பற்சக்கரங்களுக்கென்று விற்க வந்த இந்தப் பொலித்தீன்.

கவசத்தைப் பிடித்து வைத்திருக்கும் சீமெந்தும் விசித்திரமானதுதான். பொய்ப்பல் முரசு செய்கிற அக்கிரிலிக் குடும்பத்துப் பொருள். தூளையும் திரவத்தையும் குழைத்தால் மாப்போல வந்து, சூடேறி, பத்து நிமிடம் அளவில் இறுகும். இது பசை போல ஒட்டாது, மேசன் கல்லிடுக்கில் சாந்து நிரப்புவதுபோல என்பின் துளைகளுக்குள் புகுந்து கவ்விப் பிடிக்கும். பக்கவாட்டுத் தசைநார்கள் பெரியம்மாவுடைய சொந்த நார்களே. அவை இரு பக்கமும் ஒரே இழுவையில் நிற்கும்படி சமன்செய்வதில்தான் வைத்தியரின் கைத்திறமை இருக்கிறது.

எத்தனை வருடம் தாங்கும்? பல நாடுகளின் பதிவுகளைச் சேர்த்து 2019இல் வெளியான கணக்கின்படி, முழு முழங்கால் மாற்றில் நூற்றுக்கு 82 அளவில் 25 வருடம் நிலைக்கிறது. எழுபது வயதுக்காரருக்கு அது சீவியகாலம்.

சரி, வைத்தியரின் வேலை ஒன்றிரண்டு மணித்தியாலத்தில் முடிந்துவிடும். மிச்சம் நோயாளியின் வேலை. சீனி வருத்தத்தையும் சொத்தைப் பல்லையும் முதலே கவனிக்கச் சொல்வார்கள், கிருமி இரத்தத்தோடு போய் உலோகத்தில் ஒட்டினால் மருந்தால் மட்டும் துரத்துவது பெரும்பாடு. மறுநாளே எழுப்பி வோக்கரில் நிற்க வைத்தார்கள். கனடாவில் இருந்து அண்ணா, "இங்க அண்டைக்கே வீட்டுக்கு விடுறாங்கள்" என்று பெருமையாகச் சொன்னார். நிற்பதும் பாதத்தை மேலும் கீழும் ஆட்டுவதும் காலில் இரத்தம் உறையாமல் தடுக்க. உறைந்த கட்டி நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. கெண்டைக்கால் திடீரென்று வீங்கி நொந்தாலும், மூச்சு வாங்கினாலும், காயத்தில் இருந்து நீர் கசிந்தாலும் உடனே பெரியாஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

நாங்கள் விட்ட பிழை தலையணை. பாவம் நோகுதே என்று முழங்காலுக்கு அடியில் ஒன்றை வைத்துவிட்டோம். இயன்மருத்துவர் வந்து பார்த்ததும் அதை உருவி எறிந்தார். மடித்தபடியே படுத்தால் கால் அப்படியே இறுகி, பிறகு முழுதாக நிமிராது. குதிக்காலுக்குக் கீழே சுருட்டிய துவாயை வைத்து, முழங்காலைக் கட்டிலை நோக்கி அழுத்தச் சொன்னார். ஐந்து எண்ணும்வரை. பெரியம்மா மூன்றிலேயே முருகனைக் கூப்பிட்டார். நோ மாத்திரையை உடற்பயிற்சிக்கு முன்பே போட்டால் கொஞ்சம் இலகு. கொமட்டில் இருந்து எழும்ப 90 பாகைக்கு மடிந்தால் போதும், அது சில கிழமைகளில் வந்துவிடும். படி ஏறும்போது நல்ல கால் முன்னுக்கு, இறங்கும்போது வெட்டிய கால் முன்னுக்கு. ஆறு கிழமை அளவில் வோக்கர் போய்ப் பொல்லு வந்தது. வீக்கமும் சூடும் மாதக்கணக்கில் இருக்கும், தழும்புக்கு வெளிப்பக்கம் ஒரு திட்டு விறைத்தே இருக்கலாம், நடக்கையில் டிக் டிக் என்று சத்தம் கேட்கலாம். இவற்றைக் கண்டு பயப்பட வேண்டாம். விமான நிலையத்தில் கருவி கத்துவதும் வழமைதான்.

ஆனால் நிலத்தில் சப்பாணி கட்டி இருப்பது பலருக்குத் திரும்பக் கிடைக்காது. பெரும்பாலான செயற்கை மூட்டுகள் 110, 120 பாகையோடு நின்றுவிடும், குந்துவதற்கு அது காணாது. இதை முதலே தெளிவாகச் சொல்லாததால்தான் பலர் பிறகு மனம் நோகிறார்கள் என்பது என் எண்ணம். பெரியம்மா இந்த முறை நல்லூர் வீதி மணலில் பொல்லில்லாமல் ஒரு சுற்று நடந்தார், வந்து கதிரையில்தான் இருந்தார். வீட்டில் திருவலை பரணில் ஏறிவிட்டது. மேசை விளிம்பில் பூட்டிக் கையால் சுற்றும் ஒன்று வாங்கிக் கொடுத்திருக்கிறோம். அதில் வரும் தேங்காய்ப்பூ தும்பு தும்பாக இருக்கிறதாம், சம்பலுக்குச் சரிவராதாம்.