புல்தரையில் முதல் ஓட்டம்: எத்தனையாவது இடம் என்பதை விடுங்கள், மூச்சைப் பாருங்கள்

மிருக வைத்தியரான எனக்கு மற்ற மாதங்களில் வரும் அழைப்புகள் பால் மாடு, கன்று, மடி வீக்கம் என்றுதான் இருக்கும். ஏப்ரலில் நுவரெலியா சீசன் தொடங்கியதும் குதிரைகள் சேர்ந்துகொள்ளும். ரேஸ் முடிந்த மறுநாள் வரும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: “டொக்டர், இது ஓடுற குதிரையா இல்லையா?” கேட்பவர் தனியாகக் குதிரை வாங்கியவராக இருப்பார், அல்லது நாலைந்து பேர் பங்கு போட்டு வாங்கியதில் ஒருவராக இருப்பார். குதிரை முதல் தடவையாகப் புல்தரையில் ஓடி ஏழாவதாக வந்திருக்கும். இல்லையென்றால் இரண்டாவதாக வந்திருக்கும். எனக்கு அதிகம் பயம் தருவது இரண்டாவதாக வந்த குதிரைதான். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் இந்த ஊரின் காற்று. நுவரெலியா சுமார் 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஒரு மூச்சில் கிடைக்கும் ஒக்சிஜன் கடல்மட்டத்தில் கிடைப்பதைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. இங்கே ஓடும் குதிரைகளில் பெரும்பாலானவை இந்தியாவிலிருந்து வருபவை. சென்னை கிண்டி ரேஸ் மைதானம் கடல்மட்டத்தை ஒட்டி இருக்கிறது, பெங்களூரு சுமார் 900 மீட்டர். குதிரைக்கு நம்மைப்போல வாயால் மூச்சுவிட முடியாது, மூக்கு மட்டும்தான். அதுவும் நாலுகால் பாய்ச்சலில் ஒரு பாய்ச்சலுக்கு ஒரு மூச்சு என்று உடம்பே கட்டிவைத்திருக்கிறது. மூச்சு போதவில்லை என்பதற்காக நடுவில் ஒன்று கூடுதலாக இழுத்துக்கொள்ள வழியில்லை. மண்ணீரலில் சேர்த்துவைத்திருக்கும் சிவப்பணுக்களை ஓடும்போது இரத்தத்தில் இறக்கிக் கொஞ்சம் சமாளிக்கும், அவ்வளவுதான். ஆகவே போன வாரம் மலையேறி வந்த குதிரை கடைசி 200 மீட்டரில் தளர்ந்தால் அதன் திறமையைப் பற்றி அது எதையும் சொல்லவில்லை. உடம்பு உயரத்துக்குப் பழக இரண்டு மூன்று வாரமாவது வேண்டும். முன்பே மலையில் ஓடிப் பழகிய குதிரைக்கு இது புதிதில்லை, சமவெளியை விட்டு ஏறாத குதிரைக்குப் பெரிய விஷயம். “எப்போது மேலே கொண்டுவந்தீர்கள்?” என்பதுதான் நான் கேட்கும் முதல் கேள்வி. பாதிப் பேருக்கு அந்தத் தேதியே ஞாபகம் இருக்காது.

அடுத்தது தரை. ஏப்ரலில் காலை வெயில், பிற்பகல் இடிமழை என்பது இங்கே வழக்கம். முதல் ரேஸ் நடக்கும்போது இறுகியிருந்த புல், ஒரு மழைக்குப் பிறகு குளம்பு புதையும் அளவுக்கு நனைந்துவிடும். ஒரே நாளில் இரண்டு வேறு தரைகள். ஆகவே இந்தக் குதிரை இத்தனை செக்கனில் ஓடியது, அந்தக் குதிரை அத்தனை செக்கனில் ஓடியது என்று ஒப்பிடுவதில் பொருளில்லை. கிண்டியில் எடுத்த நேரத்தோடு ஒப்பிடுவது அதைவிட வீண். மணலில் மட்டும் பயிற்சி எடுத்த குதிரை புல்லில் கால் வைக்கும் விதத்தை வளைவில் பாருங்கள். வளைவுக்குள் உள்பக்க முன்னங்காலை முன்னே வீசி ஓட வேண்டும், நேர்ப்பாதைக்கு வந்ததும் முன்னே வீசும் காலை மாற்ற வேண்டும். இதைத் தானாகச் செய்யும் குதிரை புல்லில் தன் சமநிலையைக் கண்டுபிடித்துவிட்டது. முழங்காலை உயர்த்தி ஓடுவது ஈரத்தரைக்கு, தாழ்வாக ஓடுவது இறுகிய தரைக்கு என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். கொஞ்சம் உண்மை இருக்கலாம், அதை நம்பி மட்டும் குதிரை வாங்க வேண்டாம்.

பின்தங்கிய குதிரைகளில் இரண்டு வகை. ஒன்று, வேடிக்கை பார்த்துப் பின்தங்கியது. சீசன் கூட்டம், பெரிய பெரிய தொப்பிகள், பேண்ட் சத்தம் எல்லாம் அதற்குப் புதிது. கேட் திறந்ததும் தயங்கும், காதைக் கூட்டத்தின் பக்கம் திருப்பும், கோடு தாண்டிய பிறகுதான் விருப்பத்தோடு ஓடும். இதைப்பற்றிக் கவலையே வேண்டாம், இரண்டாவது ஓட்டத்தில் வேறு குதிரையாகத் தெரியும். மற்றது, வலியாலோ மூச்சாலோ பின்தங்கியது. பாய்ச்சல் சுருங்கும், தலை மேலே போகும், வாலைச் சுழற்றும், ஒரே பக்கமாகச் சாயும். நன்றாக ஓடிக்கொண்டிருந்தது சில பாய்ச்சலுக்குள் சட்டென்று நின்றுபோனால் ஜொக்கியிடம் சத்தம் கேட்டதா என்று கேளுங்கள். மூச்சை உள்ளே இழுக்கும்போது உறுமல் என்றால் குரல்வளையின் ஒரு பக்கம் சரியாகத் திறப்பதில்லை என்று சந்தேகிக்கலாம், பெரும்பாலும் இடது பக்கம். வெளியே விடும்போது களகளவென்று சத்தம் என்றால் மென்னண்ணம், அதாவது வாயின் மேல்கூரையின் மென்மையான பின்பகுதி, இடம் மாறியிருக்கலாம். இந்தக் குதிரையைச் சாட்டையால் அடித்துப் பயனில்லை.

நுரையீரலில் இரத்தக் கசிவு இன்னொன்று. மூக்கில் இரத்தம் வரவில்லையே என்பார்கள். கசிவு உள்ள குதிரைகளில் மிகச் சிலவற்றுக்குத்தான் மூக்கு வரை வரும். ரேஸ் முடிந்து அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் மூக்கு வழியாகக் கமரா விட்டுப் பார்த்தால்தான் தெரியும். வெளியில் தெரியும் அடையாளம், குதிரை தலையைத் தாழ்த்தி அடிக்கடி விழுங்கிக்கொண்டே இருப்பது. முதல் ஓட்டத்துக்குப் பிறகு ஒரு தடவை பார்த்துவிடுங்கள் என்று எல்லாரிடமும் சொல்கிறேன். செய்பவர்கள் குறைவு.

சரி, இரண்டாவதாக வந்த குதிரைக்கு வருவோம். முதல் ஓட்டத்தில் உயிரைக் கொடுத்து ஓடும் குதிரைகள் உண்டு, இளம் பெட்டைகள் அதிகம். வீட்டில் எல்லாரும் சந்தோஷமாக இருப்பார்கள், அடுத்த சனிக்கிழமையே மறுபடியும் ஓட்டலாம் என்று பேச்சு நடக்கும். அப்படி ஒரு பெட்டையை மறுநாள் காலை நான் தொட்டுப் பார்த்தபோது முன்னங்கால் முழங்காலுக்குக் கீழே, பின்பக்கத் தசைநாணில் இலேசான சூடு. நொண்டவே இல்லை. “அண்ணே, ராத்திரி பேண்டேஜ் கட்டினீங்களா?” என்று லாயத்தில் கேட்டேன். கட்டவில்லை, அப்படியானால் சூடு பேண்டேஜால் வந்ததில்லை. ஸ்கேனில் நார்கள் சில பாதிக்கப்பட்டிருந்தன. அடுத்த வாரம் ஓடவிட்டிருந்தால் அந்தக் கால் முடிந்திருக்கும். தசைநாண் ஆறுவது மாதக்கணக்கான வேலை.

இரண்டு வயதுக் குதிரைக்கு முன்னங்காலில் முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பின் முன்பக்கத்தையும் விரலால் அழுத்திப் பாருங்கள். வேகத்துக்கு ஏற்ப எலும்பு தன்னை மாற்றிக்கட்டும் காலம் அது. அழுத்தும்போது காலை இழுத்துக்கொண்டால் வேகப் பயிற்சியை நிறுத்துங்கள்.

ரேஸ் முடிந்த மாலையே பின்புறத் தசைகள் கல்லாக இறுகி, நகர மறுத்து, சிறுநீர் கோப்பி நிறத்தில் போனால் காலை வரை காத்திருக்க வேண்டாம், நடத்தவும் வேண்டாம். தசை உடைந்து சிறுநீரகத்தைக் கெடுக்கும் நிலை அது. தண்ணீர் கொடுத்துவிட்டு உடனே வைத்தியரைக் கூப்பிடுங்கள்.

அப்புறம், வலி ஊசி. “சின்ன வலிதான் டொக்டர், ஒரு ஊசி போட்டா ஓடிரும்” என்று கேட்பவர்களுக்கு நான் போடுவதில்லை. ஊசி சூட்டையும் வலியையும் மறைக்கும், நாரை ஒட்டாது. மறுநாள் காலை குதிரையை லாயத்திலிருந்து எடுத்ததும், பயிற்சிக்கு முன்னால், கெட்டியான தரையில் நேராக ஒரு இருபது மீட்டர் துள்ளுநடையில் ஓட்டிக் காட்டுங்கள். வலியுள்ள முன்னங்கால் தரையில் படும்போது தலை மேலே போகும். அதைப் பார்த்த பிறகு அடுத்த ரேஸ் தேதியைப் பேசலாம்.