ராத்திரி இரண்டு மணிக்குப் போனில் என்ன வேலை?

"சார், இவன் போனுக்கு அடிமை ஆயிட்டான்." என்னிடம் ஆலோசனைக்கு வரும் பல பெற்றோர் இப்படித்தான் ஆரம்பிப்பார்கள். நோயையும் அவர்களே கண்டுபிடித்து, மருந்தையும் கொடுத்துவிட்டு வந்திருப்பார்கள். போன் பீரோவுக்குள் இருக்கும்.

சில மாதங்களுக்கு முன் வந்த ஒன்பதாம் வகுப்புப் பையனும் அப்படி அழைத்து வரப்பட்டவன்தான் (அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்). ராத்திரி இரண்டு மணி வரை போர்வைக்குள் போன். காலையில் எழுப்பினால் வயிற்றுவலி, திங்கட்கிழமை என்றால் கட்டாயம் வலி. போனைப் பிடுங்கப் போன அப்பாவின் கையைக் கடித்துவிட்டான். அவர் தழும்பைக் காட்டினார்.

அப்பாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, என்ன கேம் விளையாடுகிறாய் என்று கேட்டேன். விளையாடுவதில்லையாம். ரீல்ஸ்? எப்போதாவது. பின்னே அத்தனை நேரம் என்னதான் பார்க்கிறாய்?

"குரூப்பை."

வகுப்புப் பையன்களின் வாட்ஸ்அப் குரூப். டூர் போன பஸ்ஸில் வாயைப் பிளந்து தூங்கிய அவனை யாரோ படம் எடுத்து ஸ்டிக்கராக்கியிருந்தார்கள். 'நாளைக்கு என்ன ஹோம்வொர்க்' என்று கேட்டால்கூட, வரிசையாக அந்த ஸ்டிக்கர் வந்து விழும். குரூப்பை விட்டு வெளியே வந்துவிடலாமே என்றேன். என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். "நான் இல்லாதப்போ என்ன பேசினாங்கன்னு தெரியாம காலையில கிளாஸுக்குள்ள எப்படி சார் போறது?"

ராத்திரி முழுக்க அவன் பார்த்த வேலைக்குக் காவல் என்று பெயர்.

உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 நோய்ப் பட்டியலில் (2022-லிருந்து நடைமுறையில் இருக்கிறது) 'கேமிங் கோளாறு' உண்டு. 'போன் அடிமைத்தனம்' என்று தனியாக ஒரு நோய் அதில் கிடையாது. கேமிங் கோளாறு என்று சொல்வதற்கும், நிறுத்த முடியாமல் போவது, மற்ற எல்லாவற்றையும்விட விளையாட்டே பெரிதாகிவிடுவது, கெடுதல் வந்தும் விடாமல் தொடர்வது ஆகியவை பொதுவாக 12 மாதமாவது நீடித்திருக்க வேண்டும். ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் என்ற கணக்கே அந்த வரையறையில் இல்லை. நிஜமாகவே சிக்கிக்கொண்ட பிள்ளைகளும் வருகிறார்கள், அவர்களுக்குச் சிகிச்சை வேண்டும். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் இதற்கென்றே 2014-லிருந்து தனி கிளினிக் நடக்கிறது. ஆனால் எவ்வளவு நேரம் என்று கேட்பதற்கு முன், என்ன பார்க்கிறான் என்று கேட்டாக வேண்டும்.

ஏன் வீட்டில் சொல்லவில்லை என்று கேட்டால் பிள்ளைகள் சொல்லும் பதில் ஒன்றுதான்: சொன்னால் போன் போய்விடும். போன் போனால் மட்டும் ஸ்டிக்கர் நின்றுவிடுமா? இவன் கண்ணில் படாமல் ஓடிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான்.

இன்னொன்றையும் அவனாகவே சொன்னான். ஸ்டிக்கர் செய்த பையனை ஆறாம் வகுப்பில் 'குண்டு' என்று கூப்பிட்டு, எல்லோரையும் கூப்பிட வைத்தது இவன்தானாம்.

போனைப் பிடுங்க வேண்டாம் என்றேன். ஒன்பதரை மணிக்கு அப்பாவும் மகனும் சேர்ந்து ஒரே ஒரு முறை குரூப்பைப் பார்ப்பது, அப்புறம் போன் ஹாலில் சார்ஜில் இருப்பது என்று பேசி முடிவானது. எதையும் அழிப்பதற்கு முன் தேதி, நேரம், நம்பர் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்கச் சொன்னேன். கோபத்தில் எல்லாவற்றையும் அழித்துவிட்டு வெறுங்கையோடு பள்ளிக்குப் போகும் பெற்றோரைப் பார்த்துச் சலித்துவிட்டது.

ஆபாசமான படமோ, அப்படி மார்ஃபிங் செய்த படமோ சுற்றினால் கதையே வேறு. 18 வயதுக்குட்பட்டவரின் அப்படிப்பட்ட படத்தை ஃபார்வர்ட் செய்வதே தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67பி பிரிவின் கீழ் குற்றம். ஆகவே 'ஆதாரம்' என்று சித்தப்பாவுக்கும் மாமாவுக்கும் நீங்களும் அனுப்பிவிடாதீர்கள். அக்கவுன்ட் பெயர், லிங்க், நேரம் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு தேசிய சைபர் கிரைம் தளத்தில் புகார் கொடுங்கள். குழந்தைகள் உதவிக்கு 1098, மனநல ஆலோசனைக்கு டெலி-மானஸ் 14416.

பையன் விஷயத்துக்கு வருகிறேன். கிளாஸ் மிஸ்ஸிடம் அப்பா போனார். சத்தம் போடாமல், ஸ்கிரீன்ஷாட்டுகளோடு. மிஸ் எல்லோரையும் அவரவர் போனிலிருந்து அந்த ஸ்டிக்கரை அழிக்க வைத்தார். ஒருமுறை சேமித்தால் குரூப்பைக் கலைத்தாலும் அது போனிலேயே இருக்கும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

கடைசியாக வந்தபோது அவன் தன் போனை எடுத்துக் காட்டினான். அதில் மட்டும் ஸ்டிக்கர் பத்திரமாக இருந்தது. ஏன்டா அழிக்கவில்லை என்றேன்.

"ஆதாரம் சார்."