வெளிநாட்டிலிருந்து ஊர் திரும்பும் பெரியவர்களுக்கு மருத்துவக் காப்பீடு: தர்மபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்காக

மஸ்கட், துபாய், கோலாலம்பூர் என்று வருடக்கணக்கில் உழைத்துவிட்டு அறுபது வயதுக்கு மேல் பாலக்கோட்டுக்கோ ஊத்தங்கரைக்கோ திரும்புகிறவர்கள் முதலில் வீட்டைக் கட்டி முடிப்பார்கள். அப்புறம் நிலத்துப் பட்டாவைச் சரிசெய்வார்கள். மருத்துவக் காப்பீடு நினைவுக்கு வருவது பெரும்பாலும் யாராவது ஆஸ்பத்திரியில் படுத்த பிறகுதான். அதற்குள் காலம் கடந்துவிடுகிறது. முடிந்தால் விமானம் ஏறுவதற்கு முன்பே இந்தியாவில் ஒரு பாலிசி போட்டுவிடுங்கள்.

காரணம் இதுதான். வெளிநாட்டுக் கம்பெனி கொடுத்த காப்பீடு வேலையோடு முடிந்துவிடும். அங்கே எத்தனை வருடம் காப்பீட்டில் இருந்திருந்தாலும் இங்குள்ள கம்பெனி அதைக் கணக்கில் சேர்க்காது. சர்க்கரை, பிரஷர், இதய நோய் போன்று ஏற்கெனவே இருக்கும் நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் உண்டு; அது முடியும்வரை அந்த நோய்க்கான செலவைக் கம்பெனி தராது. முன்பு அதிகபட்சம் 4 ஆண்டு என்றிருந்ததை காப்பீட்டுத் துறையை ஒழுங்குபடுத்தும் ஆணையமான ஐஆர்டிஏஐ 2024இல் 3 ஆண்டாகக் குறைத்தது. கண்புரை, மூட்டு மாற்று, குடலிறக்கம் போன்றவற்றுக்கும் பல பாலிசிகளில் தனியாகக் காத்திருப்பு இருக்கிறது. 60 வயதில், மஸ்கட்டில் இருக்கும்போதே ஒருவர் பாலிசி எடுத்தால் 63 வயதில் ஊர் திரும்பும்போது இந்தக் காலம் முடிந்திருக்கும். திரும்பிய பிறகு எடுத்தால் 66 வயது வரை இந்த நோய்களுக்குச் சொந்தக் காசுதான். வெளிநாட்டில் வசிக்கும் இந்தியர்களும் இங்கே பாலிசி எடுக்கலாம்.

ஏற்கெனவே வந்துவிட்டீர்களா? பரவாயில்லை, இப்போதே தொடங்குங்கள். 65 வயதைத் தாண்டினால் புதிய பாலிசி கிடையாது என்ற பேச்சை நம்பி ஒதுங்கிவிடாதீர்கள். எல்லா வயதினருக்கும் ஏற்ற பாலிசிகள் இருக்க வேண்டும் என்பது 2024 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள விதி. உங்கள் உடல்நிலையைப் பார்த்து ஒரு கம்பெனி மறுக்கலாம். அடுத்த கம்பெனியில் கேளுங்கள்.

விண்ணப்பத்தில் நோயை மறைக்கவே கூடாது. ‘சர்க்கரைன்னு எழுதாதீங்க, பிரீமியம் ஏறும்’ என்று சொல்கிற ஏஜென்ட் க்ளெய்ம் நாளில் உங்கள் பக்கத்தில் நிற்க மாட்டார். வெளிநாட்டில் சாப்பிட்ட மாத்திரை, வைத்த ஸ்டென்ட் எல்லாவற்றையும் எழுதுங்கள். அந்த நாட்டு மருத்துவச் சீட்டுகளையும் பத்திரமாகக் கொண்டுவாருங்கள். தொடர்ந்து 60 மாதம் பிரீமியம் கட்டிவிட்டால், மோசடியை நிரூபித்தால் தவிர, ‘அப்போது சொல்லவில்லை’ என்ற காரணத்தைக் காட்டி க்ளெய்மை மறுக்க முடியாது. பாலிசி கைக்கு வந்ததும் நிதானமாகப் படியுங்கள். பிடிக்கவில்லையென்றால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம்.

அரசுத் திட்டங்களுக்கு வருவோம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும். காத்திருப்புக் காலம் இல்லை. ஆனால் குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். ரேஷன் கார்டில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கார்டு மகன் பேரில் இருந்து, வருமானமும் வரம்புக்குள் இருந்தால், அவரைச் சார்ந்திருக்கும் பெற்றோராக நீங்களும் சேரலாம். ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்றோடு ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போங்கள். கட்டணமில்லா எண் 1800 425 3993.

வருமானம் வரம்பைத் தாண்டினாலும் 70 வயது ஆகிவிட்டதென்றால் இன்னொரு வழி உண்டு. மத்திய அரசு 2024 அக்டோபர் 29 அன்று தொடங்கிய ஆயுஷ்மான் வய வந்தனா அட்டைக்கு வருமான வரம்பு இல்லை. அதிலும் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரைதான். தனியார் பாலிசி வைத்திருப்பவரும் எடுக்கலாம். பதிவைப் பற்றியும், பக்கத்தில் எந்த மருத்துவமனை அட்டையை ஏற்கிறது என்பதையும் 14555 எண்ணில் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு இதை நம்பி இருங்கள். இது இந்தியக் குடிமக்களுக்கான திட்டம். வேறு நாட்டுக் குடியுரிமை பெற்று ஓசிஐ அட்டையோடு திரும்பியவர்களுக்குத் தனியார் பாலிசிதான் வழி.

நம் பகுதிக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. ஓசூர்க்காரருக்கு நெஞ்சு வலித்தால் வண்டி பெங்களூருக்குத்தான் ஓடும். சில பாலிசிகளில் பிரீமியத்தை ஊர் வாரியாக மண்டலம் பிரித்துப் போடுகிறார்கள். சிறிய ஊர் முகவரிக்குப் பிரீமியம் குறைவு. ஆனால் பெருநகரத்தில் சிகிச்சை எடுத்தால் பில்லில் ஒரு பங்கை நீங்களே கட்ட வேண்டியிருக்கும். பெங்களூரு, சேலம் இரண்டிலும் நீங்கள் போகக்கூடிய மருத்துவமனைகளின் பெயரைச் சொல்லி, கேஷ்லெஸ் (பில்லைக் கம்பெனியே நேரடியாக மருத்துவமனைக்குக் கட்டும் வசதி) உண்டா, இந்தப் பிடித்தம் உண்டா என்று எழுத்தில் பதில் வாங்குங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தாலும் எல்லை தாண்டுவதற்கு முன் கட்டணமில்லா எண்ணில் கேட்டுவிடுங்கள்.

அறை வாடகை வரம்பையும் கவனியுங்கள். 5 லட்சம் பாலிசியில் அறை வாடகை நாளுக்குக் காப்பீட்டுத் தொகையில் 1 சதவீதம் என்றிருந்தால் 5,000 ரூபாய் அறைதான். நீங்கள் 8,000 ரூபாய் அறையில் தங்கினால் கூடுதல் 3,000 மட்டும்தானே என்று நினைப்பீர்கள். அப்படியில்லை. டாக்டர் கட்டணம், அறுவை அரங்கக் கட்டணம் போன்றவையும் அதே விகிதத்தில் வெட்டப்படலாம்: 1,60,000 ரூபாய்க்கு 1,00,000தான் வரும். அறை வாடகை வரம்பில்லாத பாலிசிக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கட்டுவதே மேல்.

2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், குடும்ப மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியத்துக்கு ஜிஎஸ்டி இல்லை. மூத்த குடிமக்களின் பிரீமியத்தை ஐஆர்டிஏஐயிடம் கலந்துபேசாமல் ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏற்றவும் முடியாது.

மாதாமாதம் வாங்கும் சர்க்கரை, பிரஷர் மாத்திரைக்குச் சாதாரண பாலிசி பணம் தராது. அதற்குத் தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று சூளகிரி பக்கத்துச் சாமனப்பள்ளியில்தான் அது தொடங்கியது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிந்துகொண்டால் மாத்திரை வீட்டுக்கே வரும்.

க்ளெய்மை மறுத்தால் முதலில் கம்பெனிக்குப் புகார் எழுதுங்கள். 30 நாளில் சரியான பதில் வராவிட்டால் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை. புகாரின் நகலையும் கம்பெனி அனுப்பிய பதிலையும் மட்டும் தொலைக்காமல் வைத்திருங்கள்.