சாக்கெட்டில் உட்கார்ந்தால் மட்டும் போதாது: பழைய பிராசஸருக்கு மதர்போர்டு வாங்குவோர் கவனத்துக்கு

பிராசஸரில் பழுதில்லை, போர்டிலும் பழுதில்லை. சேர்த்துப் போட்டால் ஃபேன் மட்டும் சுற்றுகிறது, திரையில் ஒன்றும் வரவில்லை. ரேமையும் எஸ்எம்பிஎஸ்ஸையும் (பவர் சப்ளை) வீணாக மாற்றிப் பார்த்த பிறகுதான் பலர் சர்வீஸுக்கே வருகிறார்கள். கேட்டால் ஒரே பதில்: "1151 சாக்கெட்தானே சார், கரெக்டா உட்கார்ந்துச்சே!"

உட்காரும். சிக்கலே அதுதான். எல்ஜிஏ 1151 என்ற சாக்கெட் (போர்டில் பிராசஸர் உட்காரும் இடம்) பெயரில் ஒன்றுக்கொன்று ஒத்துவராத இரண்டு குடும்பங்கள் உண்டு. இன்டெல்லின் 6, 7ஆம் தலைமுறைக்கு எச்110, பி150, பி250 போன்ற 100, 200 வரிசை சிப்செட்கள் (போர்டின் முக்கியக் கட்டுப்பாட்டுச் சிப்கள்). 8, 9ஆம் தலைமுறைக்கு எச்310, பி360, பி365 போன்ற 300 வரிசை. பென்டியம் ஜி4560 முதல் குடும்பம், ஜி5400 இரண்டாவது. சாக்கெட்டில் வைத்துப் பார்த்தால் வித்தியாசமே தெரியாது. ஆனால் ஜி5400ஐ எச்110 போர்டில் போட்டால் ஓடாது. யாரோ மாற்றியமைத்த பயாஸ் (கம்ப்யூட்டரைத் துவக்கும், போர்டிலேயே உள்ள மென்பொருள்) போட்டு ஓட்டினார்களாம் என்று தயவுசெய்து கிளம்பாதீர்கள். தினசரி வேலைக்கு வைத்திருக்கும் கம்ப்யூட்டரில் அந்த விளையாட்டு வேண்டாம்.

சரியான குடும்பமாக இருந்தாலும் பயாஸ் பதிப்பு காலை வாரும். எச்110 போர்டு 6ஆம் தலைமுறைக்காக வந்தது. பழைய பயாஸோடு இருந்தால் ஜி4560ஐ அதற்கு அடையாளம் தெரியாது. பயாஸை அப்டேட் செய்யவோ, அந்தப் போர்டுக்கு ஏற்கெனவே தெரிந்த ஒரு பிராசஸர் வேண்டும். பிராசஸரே இல்லாமல் பென் டிரைவ் வழியாக அப்டேட் செய்யும் வசதியை மலிவு போர்டுகளில் எதிர்பார்க்காதீர்கள். அதற்கும் பழைய எச்61 சிப்செட் போர்டில் 3ஆம் தலைமுறை ஐ5-3470 போடுவோருக்கும் இதே கதைதான். பி75 கிடைத்தால் யோசிக்காமல் அதை எடுங்கள். எச்61ல் இல்லாத 6 ஜிபிபிஎஸ் வேக சாட்டா போர்ட் (டிஸ்க் இணைக்கும் இடம்) ஒன்று அதில் உண்டு, எஸ்எஸ்டியை அதில் செருகுங்கள்.

ஏஎம்டி பிராசஸர்களின் சாக்கெட்டான ஏஎம்4 காரர்களுக்கு வேறு தலைவலி. புதுசுதானே நல்லது என்று பி550, ஏ520 வாங்குகிறார்கள். ரைசன் 3 1200, 2200ஜி மட்டுமல்ல, 3200ஜி கூட அவற்றின் அதிகாரபூர்வ ஆதரவில் இல்லை. இவற்றுக்கு ஏ320, பி350, பி450 போதும். ஓடிக்கொண்டிருக்கும் போர்டில் காரணமில்லாமல் பயாஸை அப்டேட் செய்யவும் வேண்டாம். சில போர்டுகளின் புதிய பயாஸில் பழைய ஏ வரிசை பிராசஸர்களுக்கான ஆதரவையே எடுத்துவிட்டார்கள்.

பணம் கொடுக்கும் முன் செய்ய வேண்டியது இவ்வளவுதான். பிராசஸர் மூடியிலுள்ள பேஸ்ட்டைத் துடைத்து, எண்ணை எழுத்து பிசகாமல் குறித்துக்கொள்ளுங்கள். "ஐ3" என்று மட்டும் சொன்னால் யாராலும் உதவ முடியாது. போர்டு தயாரிப்பாளரின் தளத்தில் பிராசஸர் ஆதரவுப் பட்டியலைத் திறந்து, அந்த எண்ணுக்கு எதிரே எந்தப் பயாஸ் பதிப்பு என்று பாருங்கள். போர்டில் அச்சிட்ட ரெவிஷன் எண்ணும் பொருந்த வேண்டும். ரெவ் 1.0க்கும் 2.0க்கும் பட்டியல் மாறலாம். பட்டியலே இல்லாத பெயர் தெரியாத "புது" எச்61 போர்டா? பெட்டிதான் புதுசு, சிப்செட் பெரும்பாலும் எங்கிருந்தோ கழற்றியது. தவிர்த்துவிடுங்கள்.

பழைய இன்டெல் போர்டு என்றால் டார்ச் அடித்து சாக்கெட்டைச் சாய்த்துப் பாருங்கள். பின்கள் வரிசையாக ஒரே மாதிரி மின்ன வேண்டும். ஓரிடத்தில் மினுக்கம் தப்பினால் அங்கே பின் வளைந்திருக்கிறது, வாங்காதீர்கள். பிராண்டட் டெஸ்க்டாப்பிலிருந்து கழற்றிய போர்டில் 24 பின் பவர் கனெக்டர் இருக்கிறதா என்றும் பாருங்கள். பல மாடல்களில் அவர்களுடைய சொந்தக் கனெக்டர்தான் இருக்கும், உங்கள் எஸ்எம்பிஎஸ் சேராது.

ரேமைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, டிடிஆர்3 ஸ்லாட்டில் டிடிஆர்4 நுழையவே நுழையாது. ஆனால் போர்டில் எச்டிஎம்ஐ இருக்கிறதே என்று ரைசன் 3 1200ஐ நம்பி உட்காராதீர்கள். அதில் கிராபிக்ஸே கிடையாது, தனி கார்டு போட்டால்தான் படம் வரும்.