தாயின் கையில் ஏறிய சலைன்

பிறந்தபோது 3,000 கிராம். இரண்டாம் நாள் தராசில் 2,910. புட்டிப்பாலை வயிறாரக் குடித்துவிட்டுத் தூங்கும் குழந்தை எப்படி இளைத்தது என்று வீட்டார் கலங்குகிறார்கள். போனது பெரும்பாலும் தண்ணீர்.

பிறக்கும் குழந்தையின் எடையில் ஏறக்குறைய முக்கால் பங்கு நீர்தான். முதல் மூச்சோடு நுரையீரலுக்குள் ரத்தம் பாய்கிறது. அந்த ரத்தம் இதயத்துக்குத் திரும்பும்போது மேலறைகள் விரிந்து ஒரு ஹார்மோனைச் சுரக்கின்றன. உப்பையும் நீரையும் வெளியேற்றும்படி அது சிறுநீரகங்களைத் தூண்டுகிறது. கரும்பச்சை நிற முதல் மலமும் கழிய, எடை குறைகிறது.

சிசேரியனில் இன்னொன்றும் சேர்கிறது. முதுகில் மயக்க ஊசி போட்டால் தாயின் ரத்த அழுத்தம் இறங்கும். அதைத் தாங்கிப் பிடிக்கச் சலைன் ஏற்றுகிறார்கள். அதில் ஒரு பங்கு நஞ்சுக்கொடி வழியே குழந்தையையும் எட்டுகிறது. அதாவது, பிறப்பு எடையே சற்று உப்பிய எடை! கனடாவின் ஒட்டாவா ஆய்வாளர்கள் ஈரமான டயப்பர்களை எடைபோட்டே இந்தத் தொடர்பைக் கண்டார்கள். எடை இழப்பைக் கணக்கிட, பிறப்பு எடைக்குப் பதிலாகப் பிறந்து 24 மணி நேரம் கழித்து உள்ள எடையை அடிப்படையாகக் கொள்ளலாம் என்று 2011இல் எழுதினார்கள். எனக்கு அது மிக நியாயமாகப் படுகிறது.

தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தையிடம் இந்த நீர்க்கணக்கைப் பிரித்தறிவது கடினம். சீம்பால் சிறிதளவே சுரக்கும். சிசேரியனுக்குப் பின் பால் பெருக இன்னும் தாமதமாகலாம். வட கலிபோர்னியாவில் பிறந்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தாய்ப்பால் குழந்தைகளின் பதிவுகள் 2015இல் வெளியாயின. அவர்களில் சிசேரியனில் பிறந்தவர்களை மட்டும் எடுத்தால், 72 மணி நேரத்துக்குள் நால்வரில் ஒருவருக்கும் அதிகமானோர் 10 சதவீதமோ அதற்கு மேலோ எடை இழந்திருந்தார்கள். புட்டிப்பால் குழந்தைகளைப் பற்றிய இணை ஆய்வில் 48 மணி நேர இழப்பு பொதுவாக 3 சதவீதத்தை ஒட்டியே இருந்தது. சிசேரியனில் சற்றே கூடுதல். இவர்களுக்குப் பாலுக்குக் காத்திருப்பு இல்லை. ஆகவே அந்தச் சிறு கூடுதலில் நீரின் கை இருக்கிறது என்று நினைக்கிறேன். புட்டிப்பால் மேல் என்று இதற்குப் பொருளில்லை; சீம்பாலின் நோய் எதிர்ப்புப் பொருள்களைத் தராசு அளப்பதில்லை.

ஆனால் புட்டிப்பால் குழந்தை 7 சதவீதம், அதாவது 3,000 கிராமில் 210 கிராம், இழந்தால் சலைன்மேல் பழிபோட்டு விட்டுவிடக் கூடாது. அவ்வளவு இழப்பு இவர்களிடம் அரிது. எத்தனை முறை குடித்தது, வாந்தி எடுக்கிறதா, எத்தனை டயப்பர் நனைந்தது, பவுடரை எவ்வளவு தண்ணீரில் கலக்கினீர்கள் என்று மருத்துவர் கேட்பது அதனால்தான்.